பேச்சியம்மாள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

போன மாதம் சிவகாசியில், பட்டாசுக் கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த போர்மேன்களான உங்களுக்கு ஒரு மனநல வகுப்பு நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் வெளியூர்க்காரர். நல்ல மனிதர்தான், குரலும் கேட்க இதமாக இருந்தது. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள், கோபம் வந்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள், மனப் பாரத்தை வேண்டியவர்களிடம் சொல்லி இறக்கி வையுங்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நீங்கள் எல்லாரும் கண்ணை மூடி மூச்சு விட்டீர்கள். நானும் மூடினேன். எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "சார் சொன்னது அம்புட்டும் சரி. ஆனா நான் போர்மேனா இருந்தப்ப ஒரு பொம்பளையவும் நிம்மதியா தண்ணி குடிக்க விட்டதில்ல." நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்கள். உங்களில் இரண்டு பெண் சூப்பர்வைசர்கள் இருந்தார்கள், அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அதோடு மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏற்பாடு செய்தவர்கள் அவசர அவசரமாக ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பி வைத்தார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். படிக்கும்போது யாருக்காவது சுருக்கென்றால் அது நல்லதுதான். இதில் பெரும்பாதிக் கோபம் என் மேலேயே.

முப்பத்தொரு வருஷம் போர்மேன் வேலை பார்த்தேன். முதலில் தாயில்பட்டிப் பக்கம், பிறகு சாத்தூர்ப் பக்கம். எந்த வெடிமருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது, ஓர் அறைக்கு எத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் நீங்கள் படித்துத் தேறி வந்தவை. அதற்குள் நான் போகவில்லை. படிப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் 'உராய்வு காரணமாக' என்று போடுவார்கள். உராய்வுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மருந்துத் தட்டை இழுத்த கை நாலு நாள் தூங்காதவன் கை. மருந்தைச் சிந்திய கை காய்ச்சலோடு வந்தவள் கை. அதை எந்தப் பேப்பரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதிகாரிகள் கேட்டும் பார்க்கவில்லை. நானும் கேட்டதில்லை.

லீவு போடாத ஆள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவேன். சர்க்கரை வந்த பிறகும் வேளைக்குச் சாப்பிட மாட்டேன். சாப்பிட உட்காரும் போர்மேன் சோம்பேறி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு ஆடி மாதம் எங்கள் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாளே மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்து நின்றேன். "பாருங்கய்யா, தலையில மயிருகூட மொளைக்கல, மனுசன் வந்து நிக்காரு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்பனுக்காக அழாதவனைப் பார்த்துக் கைதட்டும் தொழில் என்ன தொழில்? அந்தக் கைதட்டலுக்குப் பல்லைக் காட்டியவன் என்ன மனுசன்?

அழாத அழுகை எங்கே போயிற்று என்று கேளுங்கள். அந்தத் தீபாவளிச் சீசன் முழுக்க நான் வேலை செய்யும் பெண்களை விரட்டினேன். முன்னாலும் விரட்டுவேன்தான், அந்த வருஷம் வெறி பிடித்த மாதிரி. தூக்கம் இல்லை, ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எதிரே யார் வந்தாலும் எரிச்சல்.

எங்கள் கம்பெனியில் கக்கூஸ் பின்பக்க வேலியை ஒட்டி, சீமைக்கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் கடைசி வரிசைப் பெண்கள் அங்கே போய்வர வேகாத வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். போவதற்கு முன்னால் கையில் அப்பியிருக்கும் வெள்ளிப் பொடியை, அதாவது அலுமினியத் தூளைக் கழுவ வேண்டும், வந்து திரும்பவும் கழுவ வேண்டும். நேரம் ஆகும். சீசனில் ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது ஒருத்தி எழுந்து போனால் நான் வாயைத் திறந்து திட்ட மாட்டேன். ஒரு செருமல் செருமுவேன். அவ்வளவுதான். போனவள் பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள். "அண்ணாச்சி செருமுனா லைனே அடங்கிரும்" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார். யாராவது காரணம் கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருந்தது: மருந்து இருக்கும் இடத்தில் ஆட்கள் அங்குமிங்கும் அலையக் கூடாது, பாதுகாப்பு முக்கியம். தம்பிகளே, இந்தத் தொழிலில் 'பாதுகாப்பு' என்ற வார்த்தையை நான் சொன்னதில் பாதி, வேலை வேகமாக முடிய வேண்டும் என்பதற்காகச் சொன்னது.

அந்த ஆவணியில் ஒரு நாள். பதினொரு மணி இருக்கும். ஐந்தாம் அறையில் நாலு பெண்கள் பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே அதற்கு, மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பேச்சியம்மாள். நாற்பது வயது இருக்கும், இருபது வருஷம் இதே வேலை, அதிர்ந்து பேச மாட்டாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் இன்னும் வேலையில் இருக்கிறாள். பேரைப் போட்டால் அவளுக்குத்தான் தொந்தரவு. வாய்க்காரி என்றுதான் மனதுக்குள் நான் அவளுக்குப் பேர் வைத்திருந்தேன், அப்படியே சொல்கிறேன்.

நான் அடுத்த வரிசையில் நின்றேன். "அண்ணாச்சி!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள் உட்கார்ந்த வாக்கிலேயே முன்னால் சாய்கிறாள். முன்னால் இருப்பது மருந்துத் தட்டு. வாய்க்காரி தன் கையை அவள் மார்புக்குக் குறுக்கே கொடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். அறை வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க! காலப் பாருங்க!" என்று வாய்க்காரி கத்தினாள்.

குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு. அடியில் மணல் ஒட்டிய செருப்பு, தரையில் உராய்ந்தாலே சிந்திய மருந்து பற்றிக்கொள்ளும். புதிதாக வந்த பிள்ளைகள் செருப்போடு படியில் ஏறினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

அதற்கு மேல் வாய்க்காரி என் பக்கம் திரும்பாமலே பேசினாள். மற்ற இரண்டு பெண்களிடம், "நீங்க ரெண்டு பேரும் அந்த வாசல் வழியா வெளிய போங்க. ஓடாதீக. எதையும் தட்டிராதீக" என்றாள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு என்னிடம், "செருப்பைக் கழட்டிட்டு மெல்ல வாங்க. மொதல்ல தட்டு. இழுக்காதீக, தூக்குங்க. இவள நான் பிடிச்சுக்கிடுறேன்" என்றாள். முப்பது வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது. தட்டைத் தூக்கி அப்பால் வைத்தேன். அதற்கப்புறம்தான் பேச்சியம்மாளை வெளியே தூக்கினோம்.

அந்த நேரத்தில் அவளுக்கு மட்டும் எப்படிப் புத்தி தெளிவாக வேலை செய்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தைரியம், அனுபவம் என்று சொல்லலாம். எனக்கும் அனுபவம் இருந்தது, அவளைவிட அதிகமாக. என் செருமலுக்கு அந்த லைனில் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடிப்பாள். கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் போவாள். உடம்புக்கு முடியவில்லை என்றால் "நாளைக்கு வர மாட்டேன் அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வாள். வீட்டில் சண்டை என்றால் காலையில் வேனில் வரும்போதே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் அறைக்குள் வந்து உட்காருவாள். சீசன் முடிந்ததும் முதல் ஆளாக நிறுத்த வேண்டும் என்று நான் நினைத்து வைத்திருந்ததும் அவளைத்தான். அப்படி நான் நினைத்த ஒருத்திதான் அன்றைக்கு அந்த அறையில் இருந்த அத்தனை உயிரையும், என் உயிரையும் சேர்த்து, காப்பாற்றிக் கொடுத்தாள்.

வேப்ப மரத்து நிழலில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, உள்ள போறேன்" என்றாள். உடம்பு தணலாகக் கொதித்தது.

"காலையில இருந்து என்னத்தா சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

வாய்க்காரிதான் பதில் சொன்னாள். "சோத்தக் கேக்கீக. தண்ணியக் கேளுங்க. வேன்ல ஏறுனதுல இருந்து ஒரு மடக்குக் குடிக்கல. இன்னைக்கு மட்டுமில்ல, மாசக்கணக்கா இப்படித்தான். குடிச்சா போகணும். போனா நீங்க செருமுவீக. அதுக்குக் குடிக்காமலே இருந்துறலாம்னு இருக்கா. இவ மட்டும்னு நெனச்சிறாதீக. போய் ஒவ்வொரு ரூமாக் கேளுங்க."

எனக்கு ஓங்கி ஓர் அறை விட்ட மாதிரி இருந்தது. விட்டிருந்தால்கூடத் தேவலை.

சாத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போவாய் என்று அந்த அம்மா கேட்டார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, அடக்கி அடக்கி நீர்ப்பாதையில் புண்ணாகிக் கிருமி ஏறியிருக்கிறது, நாலு நாளாகக் காய்ச்சல், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார். "நீங்க யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டார். போர்மேன் என்றேன். அவர் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியது.

அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். நடந்ததை எழுதி வைக்க வேண்டும். நான் 'மயக்கம்' என்று ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, மயக்கம்னு எழுதுனா ஏன் மயக்கம்னு கேப்பாக. அதுக்கு ஒரு பதில், பெறகு அதுக்கு ஒரு கேள்வி. அஜாக்கிரதைன்னு எழுதிருங்க, ஒரு வார்த்தையில முடிஞ்சுபோகும். அந்தப் பொம்பள கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அவர் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் எழுதினேன். 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் சொன்னார், அதனால் எழுதினேன் என்று இன்றைக்கு உங்களிடம் சொன்னால் அது பச்சைப் பொய். அந்த வார்த்தை எனக்கே வசதியாக இருந்தது. மயக்கம் என்று எழுதினால் என் செருமல் வெளியே வரும், என் செருப்பும் வெளியே வரும்.

அதன் பிறகு என் உடம்பு என்னை விடவில்லை. சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். சர்க்கரை எகிறிவிட்டது. என்ன ஆச்சு என்று என் மனைவி கேட்டால், வெயில் என்பேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே என்னைப் பேச்சியம்மாள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

இரண்டு வாரம் கழித்து வாய்க்காரி வந்து என் முன்னால் நின்றாள். "பேச்சிக்கு ஒடம்பு சரியாகிருச்சு. நாலு கம்பெனி ஏறி எறங்கிட்டா. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காக. போர்மேன்க போன்ல அவளப் பத்தி என்னமோ வந்திருக்காமே, என்ன அது?" என்றாள். அன்று வீட்டுக்குப் போய் எங்கள் வட்டாரப் போர்மேன்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தேன். மேனேஜர் அவள் பேர், ஊர் எல்லாம் போட்டு, அஜாக்கிரதையான ஆள், யாரும் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். எல்லாரும் கை கூப்பும் படம் போட்டிருந்தார்கள். அதில் நாலாவதாக இருந்த படம் நான் போட்டது. படித்துப் பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள். எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள். நான் என்னென்னவோ சுற்றி வளைத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"வேலைய விட்டு நிப்பாட்டுனதுகூடப் போகட்டும் அண்ணாச்சி. இருபது வருசத்துல ஒரு பொட்டு மருந்து நான் கீழ சிந்துனது உண்டா? நீங்களே மத்த பிள்ளைககிட்ட, பேச்சியப் பாத்துப் படிங்கன்னு சொல்லியிருக்கீக. என்னையப் போயி அஜாக்கிரதைன்னு எழுதிட்டீகளே."

அப்போது நான் அழுதேன். அப்பாவுக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய் வேறு தாள் எழுதுகிறேன் என்றேன். பழையது பைலுக்குப் போய்விட்டது, விடுங்கள் என்றார். குரூப்பில் நானே எழுதினேன்: நான் கையெழுத்துப் போட்டது பொய், அந்த அம்மா மயங்கி விழுந்தது என்னால், அஜாக்கிரதையாகச் செருப்போடு படி ஏறியது நான். ஒருவரும் பதில் போடவில்லை. அரை மணி நேரத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்லும்வரை நான் முப்பது வருஷ அனுபவசாலி, சொன்ன பிறகு வேண்டாத ஆள். எங்கள் தொழிலின் மனநலம் இவ்வளவுதான்.

வேலையில் இருந்தவரை தண்ணீர்ப் பானையை ஒவ்வொரு வரிசை நிழலிலும் வைத்தேன். செருமலை விட்டேன். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லாரையும் வேலையிலிருந்து எழுப்பித் தண்ணீர் குடிக்க அனுப்பினேன். இதற்கு யாரும் எனக்குச் சால்வை போர்த்தவில்லை. காலையில் ஒவ்வொருவரிடமும் தூங்கினாயா, காய்ச்சலா, வீட்டில் ஏதாவதா என்று கேட்கத் தொடங்கினேன். முதல் வாரம் பெண்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நீங்களும் கேளுங்கள். உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்காத அன்றைக்கு மருந்து அறைப் பக்கம் போகாதீர்கள், லீவு போடுங்கள். துக்கம் நடந்தால் அழுதுவிட்டு வாருங்கள். உங்களிடம் ஒரு தாளை நீட்டி ஒரே வார்த்தையில் முடித்துக்கொடு என்று யாராவது சொன்னால், அந்த வார்த்தை யார் தலையில் விழப்போகிறது என்று யோசித்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.

பேச்சியம்மாளை நானே தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் போனேன். அங்கே போர்மேன் என்னைவிட இளையவர், என்னைக் கண்டால் எழுந்து நிற்பவர். அவர் பேச்சியம்மாளைப் பார்த்துத் தயங்கினார். "அண்ணாச்சி, இவுக பேரு குரூப்புல..." என்று இழுத்தார்.

"அதுல எழுதியிருந்தது பொய். கையெழுத்துப் போட்ட நானே சொல்றேன். இவ அஜாக்கிரதை இல்ல, நான்தான்" என்றேன். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நாளையில இருந்து வரச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் கும்பிடு போட்டுக் கிளம்பத் திரும்பிவிட்டேன். பேச்சியம்மாள் நகரவில்லை. அதிர்ந்து பேசாத அந்தப் பெண் நிமிர்ந்து நின்று அவரிடம் நேராகவே கேட்டாள்.

"வாறது பெறகு இருக்கட்டும் அண்ணாச்சி. இங்கன கக்கூசு எங்க இருக்கு?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கையை நீட்டிக் காட்டினார். அவள் சரி என்று சொல்லவில்லை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். போய்ப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, தண்ணீர் வருகிறதா என்று குழாயையும் திருகிப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வரும்வரை, நாங்கள் இரண்டு போர்மேன்களும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.